பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணையின் கதை



அன்பின் ஊர் உறவுகளே, இது சற்று நீண்ட பதிவு. அவசரமாக இருந்தால் சேமித்து வைத்து, ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் எதற்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தொழுகை நேர அட்டவணை இருக்கும். ஸுபஹ், சூரிய உதயம், லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று வருடம் முழுவதற்கும் நிமிடக் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒளிரும் டிஜிட்டல் கடிகாரம். மோதினார் அதைப் பார்த்துப் பாங்கு சொல்கிறார். நாம் அதைக் கேட்டு வுழூ செய்கிறோம். நோன்பு காலத்தில் ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அட்டவணையின் ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்கிறோம். ஆனால் அந்த நிமிடத்தை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் அடிக்கடி ஒன்றைக் காண்கிறோம். பிள்ளைகளின் மனதில் இரண்டு பைகள் இருக்கின்றன. விஞ்ஞானப் பாடவேளையில் ஒரு பையைத் திறக்கிறார்கள். மணி அடித்ததும் அதைக் கட்டிவிட்டு, இஸ்லாம் பாடத்துக்கு மற்றப் பையைத் திறக்கிறார்கள். சூரிய கிரகணம் ஏன் வருகிறது என்று பரீட்சைத் தாளில் படம் கீறிப் புள்ளி எடுக்கும் அதே பிள்ளை, கிரகணத்தன்று வீட்டில் சொல்லப்படும் பயங்களையும் அப்படியே நம்புகிறது. இரண்டும் ஒரே மனதுக்குள் இருக்கின்றன. ஆனால் ஒன்றோடொன்று கதைப்பதில்லை. சில பிள்ளைகள் வளர்ந்ததும் ஒரு பையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். சிலர் விஞ்ஞானத்தை எறிகிறார்கள், சிலர் மார்க்கத்தை எறிகிறார்கள். இரண்டும் நமக்கு இழப்புத்தான்.

கிரகணத்திலிருந்தே தொடங்குவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரழி) பால்குடிப் பருவத்திலேயே மரணித்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தப் பிள்ளையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவில் மக்கள் பேசினார்கள். இன்றைய வானியல் கணிப்பும் 632 ஜனவரி 27இல் ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்ததைக் காட்டுகிறது. மகனை இழந்த தந்தைக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவோ பிறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். கூடவே, கிரகணத்தைக் கண்டால் தொழுமாறும் துஆச் செய்யுமாறும் கற்றுக்கொடுத்தார்கள். மூடநம்பிக்கையை அகற்றினார்கள், வணக்கத்தை நிலைநிறுத்தினார்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே உரையில் நடந்தன.

இனி தொழுகை நேரத்துக்கு வருவோம். ஐந்து வேளையும் சூரியனோடு கட்டப்பட்டவை. கிழக்கு அடிவானத்தில் வெளிச்சம் குறுக்காகப் பரவும்போது ஸுபஹ். சூரியன் உச்சியைக் கடந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த நிழலோடு அதன் உயரத்தையும் சேர்த்த அளவுக்கு நீளும்போது நம் ஷாபிஈ மத்ஹபின்படி அஸர். ஹனபி மத்ஹபில் உயரத்தின் இரு மடங்கைச் சேர்ப்பார்கள். சூரியன் மறைந்ததும் மஃரிப். அந்திச் செம்மை மறைந்ததும் இஷா. இவற்றை அறிய ஆரம்ப காலத்தில் கண்ணும் ஒரு தடியும் போதுமாக இருந்தன. தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அளந்து அஸரை மதிப்பிடும் வழக்கமும் இருந்தது.

ஆனால் மேகம் மூடினால்? பக்தாத் போன்ற பெருநகரில் எல்லாப் பள்ளிவாசல்களுக்கும் ஒரே நேரம் வேண்டுமென்றால்? அங்கேதான் கணிதம் வருகிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியை அல்ஜிப்ரா பாடத்தில் நாம் அறிவோம். நமக்குத் தெரிந்த மிகப் பழைய தொழுகை நேர அட்டவணைகளில் அவருடைய பெயரால் வழங்கும் பக்தாத் அட்டவணையும் ஒன்று. அவருக்குப் பின் ரக்காவில் வானத்தை அவதானித்த அல்-பத்தானி, ஒரு சூரிய வருடத்தின் நீளம் 365 நாள் 5 மணித்தியாலம் 46 நிமிடம் 24 செக்கன் என்று கணித்தார். இன்றைய அளவீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. தொலைகாட்டி இல்லாத காலம் அது.

இந்த அறிவு முழுவதும் நம்மவர்களின் சொந்தச் சரக்கு என்று பெருமை பேசுவது சரியல்ல. கிரேக்கத் தொலமியின் நூலை மொழிபெயர்த்துப் படித்தார்கள். இந்தியாவிலிருந்தும் கற்றார்கள். சாதாரண தர வகுப்பில் பிள்ளைகள் பயப்படும் 'சைன்' என்ற சொல்லின் பயணத்தைப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா', அரபியில் 'ஜீப' ஆனது. உயிர்க்குறி இல்லாமல் எழுதியதால் அது 'ஜைப்' என்று வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் சட்டையின் மடிப்பு, திறப்பு. 'ஜேப்பு' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். அதை இலத்தீனில் மடிப்பு என்றே மொழிபெயர்த்து 'சைனஸ்' என்றார்கள். அதுவே நம் பிள்ளைகளின் புத்தகத்தில் சைன் ஆகியிருக்கிறது. அஸர் நேரத்தைக் கணிக்கும் முஸ்லிம் அறிஞர் இந்துக்களின் கணிதத்தையும் கிரேக்கரின் வானியலையும் கையில் வைத்திருந்தார். அதனால் அவருடைய தொழுகைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

எல்லோரும் இதை இலகுவாக ஏற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. 973இல் பிறந்த அல்-பிரூனி நிழல்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தொழுகை நேரம் அறிய ஒரு கருவி இருந்தது. அதில் ரோமானியரின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மார்க்கப் பற்றுள்ள ஒருவர் அதனால் அந்தக் கருவியைப் பயன்படுத்த மறுத்துவிட்டார். காபிர்களைப் பின்பற்றுவதாகிவிடும் என்பது அவருடைய வாதம். பிரூனி அதற்குச் சொன்ன பதிலின் சாரம் இது: ரோமானியர்களும்தான் சாப்பிடுகிறார்கள், கடைத்தெருவில் நடக்கிறார்கள். அவற்றிலும் அவர்களைப் பின்பற்றாமல் இருந்து பார்ப்பதுதானே!

ஆயிரம் வருடம் பழைய பேச்சு. ஆனால் இன்று நம் திண்ணையில் கேட்டது போல் இருக்கிறதல்லவா? அந்த மனிதரின் மார்க்கப் பற்றில் நாம் சந்தேகப்படவில்லை. அவர் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. தொழ வேண்டும் என்பது அல்லாஹ் இட்ட கட்டளை. சூரியன் இப்போது எங்கே நிற்கிறது என்பது யார் அளந்தாலும் ஒரே விடை தரும் கேள்வி.

இதே வேறுபாட்டை நாம் மிகவும் நேசிக்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் விளக்கினார்கள். தத்துவவாதிகளைக் கடுமையாக விமர்சித்து 'தஹாபுதுல் பலாஸிபா' எழுதியவர் அவர். ஆகவே அவர் கணிதத்துக்கும் எதிரி என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த நூலின் முன்னுரையிலேயே கிரகணத்தை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். கிரகணம் எப்போது வரும், எவ்வளவு மறையும் என்பது கேத்திர கணிதத்தால் ஐயமின்றி நிறுவப்பட்டது. மார்க்கத்தின் பெயரால் அதை மறுப்பது மார்க்கத்துக்கே தீங்கு செய்வதாகும் என்பது அவருடைய நிலைப்பாடு. ஏனென்றால் ஆதாரத்தைக் கண்ணால் கண்டவன் அந்த ஆதாரத்தைச் சந்தேகிக்க மாட்டான், மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான். ஒரு பையை எறிந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி மேலே சொன்னோமே, அவர்களில் பலருடைய கதை இதுதான்.

13ஆம் நூற்றாண்டளவில் எகிப்திலும் பின்னர் சிரியாவிலும் ஒரு புதிய பதவி உருவானது. பெயர் 'முவக்கித்', அதாவது நேரம் கணிப்பவர். பெரிய பள்ளிவாசல்களில் இமாம், முஅத்தின் ஆகியோரோடு வானியல் கற்ற ஒருவருக்கும் நிரந்தர நியமனம் கிடைத்தது. இதை ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். பள்ளிவாசல் ஊழியர் பட்டியலில் ஒரு விஞ்ஞானி!

அவர்களில் புகழ்பெற்றவர் திமிஷ்க் நகரின் உமையா பள்ளிவாசலில் பணியாற்றிய இப்னுஷ் ஷாதிர். 1304இல் பிறந்து 1375இல் மறைந்தவர். முவக்கித்தாக மட்டுமல்ல, தலைமை முஅத்தினாகவும் இருந்தார். 1371இல் அந்தப் பள்ளிவாசலின் மினாராவில் வைப்பதற்காக ஏறத்தாழ 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் கொண்ட பளிங்குச் சூரியக் கடிகாரம் ஒன்றை வடித்தார். தொழுகை நேரங்களை நோக்கி நிழல் நகர்வதை அதன் கோடுகளில் பார்க்கலாம். அது பின்னர் உடைந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்து இன்னொன்றைச் செய்து வைத்தார்கள்.

அவர் சந்திரன், கோள்களின் இயக்கத்துக்குத் தொலமி சொன்ன மாதிரிகளில் குறை கண்டு, புதிய மாதிரிகளை அமைத்தார். அவருடைய சந்திர மாதிரி, சுமார் 170 வருடங்களுக்குப் பின் 1543இல் வெளியான கோப்பர்னிக்கஸின் நூலில் உள்ள மாதிரியோடு கணித ரீதியில் ஒத்துப்போவதை 1950களில் ஆய்வாளர்கள் கண்டு வியந்தார்கள். இப்னுஷ் ஷாதிர் பூமியையே மையத்தில் வைத்திருந்தார். எனவே "கோப்பர்னிக்கஸ் நம்மைப் பார்த்து எழுதினார்" என்று முழங்கத் தேவையில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. பாங்குக்குப் பொறுப்பாக இருந்தவரும் அந்தக் கணக்கைப் போட்டவரும் ஒரே ஆள்.

அதே நகரில் அதே காலத்தில் அல்-கலீலி என்ற இன்னொரு முவக்கித் இருந்தார். திமிஷ்க் நகருக்கு அவர் தயாரித்த தொழுகை நேர அட்டவணைகள் 19ஆம் நூற்றாண்டு வரை பயன்பட்டன. ஊர்களின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கொண்டு கிப்லாவை அறிவதற்கு ஏறத்தாழ 3000 பெறுமானங்கள் கொண்ட அட்டவணையையும் அவர் தயாரித்தார். கல்குலேட்டர் இல்லாமல் அத்தனையையும் கையால் கணித்திருக்கிறார். அதை வணக்கம் என்று சொல்வதா, கணிதம் என்று சொல்வதா? அவரிடம் கேட்டிருந்தால் கேள்வியே விளங்கியிருக்காது.

கசப்பான பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1577இல் இஸ்தான்புலில் தகியுத்தீன் என்ற அறிஞரின் தலைமையில் ஒரு வானியல் ஆய்வகம் எழுந்தது. அவர் காழியாகவும் கடமையாற்றியவர். அந்த வருடம் வானில் பெரிய வால்வெள்ளி தோன்றியது. அரண்மனை அரசியலும், வானத்தின் இரகசியத்தைத் துருவுவது கேடு தரும் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டன. 1580இல் சுல்தானின் ஆணைப்படி அந்த ஆய்வகம் இடிக்கப்பட்டது. ஏறக்குறைய அதே வருடங்களில் டென்மார்க்கில் தைகோ பிராஹே தன் ஆய்வகத்தைக் கட்டி, இருபது வருடங்கள் அளவீடு சேர்த்தார். அந்த அளவீடுகளை வைத்துத்தான் கெப்ளர் கோள்களின் விதிகளைக் கண்டார். நம் வரலாறு முழுவதும் பொற்காலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், இந்த இடிபாட்டிலிருந்து கற்க வேண்டியதை அவர்கள் கற்காமல் போவார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இலங்கையின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கினார்கள். 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினோம். நம் வயதுக்காரர்கள் அப்போது சிறுபிள்ளைகள். கடிகாரம் மாறியதால் லுஹர் ஒரு மணியைத் தாண்டிப் போனது. ஆனால் சூரியன் எந்த அரசாங்கத்தின் சுற்றறிக்கைக்கும் அசையவில்லை. தொழுகை சூரியனோடு நின்றது, அட்டவணையின் எண்கள் மட்டும் மாறின. இலக்கம் எது, இலக்கத்துக்குப் பின்னாலுள்ள உண்மை எது என்று பிரித்தறிய அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொன்று. கல்முனையில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய 8 நிமிடங்கள் கழிந்த பிறகுதான் கொழும்பில் உச்சிக்கு வருகிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுக்கிறது, இரண்டு ஊர்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 2 பாகை. கணக்கு அவ்வளவுதான். கிழக்கு மாகாணத்து உறவினர் நோன்பு திறந்துவிட்டதாக வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பார்த்துப் புத்தளத்தில் ஒருவர் தண்ணீர் குடித்தால், சூரியன் மறையும் முன்பே நோன்பைத் திறந்தவர் ஆகிவிடுவார். தரம் 9 பிள்ளைக்கு விளங்கும் புவியியல், ஒரு நோன்பைப் பாதுகாக்கிறது.

பிறை விடயத்திலும் இந்தத் தெளிவு உதவும் என்று நாம் நினைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் பெருநாளுக்கு முந்திய இரவு நம் குடும்பங்களுக்குள்ளேயே மனக்கசப்பு வருகிறது. இன்று மஃரிப் வேளையில் பிறை அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகையில் இருக்கும், எவ்வளவு நேரத்தில் மறையும் என்பவை வானியல் கேள்விகள். அவற்றுக்குத் துல்லியமான விடை உண்டு. மாதம் தொடங்கக் கண்ணால் காண வேண்டுமா, எந்த எல்லைக்குள் கண்டதை ஏற்பது என்பவை பிக்ஹுடைய கேள்விகள். அவை உலமாக்களின் பொறுப்பு. முதல் கேள்விக்கு உணர்ச்சியால் விடை சொல்வதும், இரண்டாவது கேள்வியைத் தொலைபேசிச் செயலியிடம் கேட்பதும்தான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

நோயிலும் இப்படித்தான். டெங்கு காலத்தில் துஆக் கேட்கிறோம், கேட்க வேண்டும். முற்றத்தில் கிடக்கும் சிரட்டையையும் கவிழ்க்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டுவது ஈமானில் குறையல்ல, கட்டாமல் விடுவது ஈமானில் கூடுதலுமல்ல.

அதேநேரம், கணக்கால் முடியாததும் இருக்கிறது. எப்போது தொழ வேண்டும் என்று அட்டவணை சொல்லும். தக்பீர் கட்டிய பிறகு மனம் எங்கே நிற்க வேண்டும் என்று அது சொல்லாது. நிமிடம் தவறாத கடிகாரத்தின் கீழ் நின்றுகொண்டு கடைக் கணக்கை யோசித்தபடி தொழுகிறோமே, அதைத் திருத்த எந்தக் கருவியும் வராது. அது உள்ளத்தின் வேலை. ஆன்மீகத்தையும் விஞ்ஞானத்தையும் தராசில் ஆளுக்குப் பாதியாகப் போடுவதல்ல சமநிலை. எந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய்க் கேட்பது என்று தெரிந்திருப்பதே சமநிலை.

கடைசியாக, வீட்டில் பிள்ளைகளோடு செய்துபார்க்கச் சில விடயங்கள்:

ஏப்ரல் 5 முதல் 15 வரையிலும், மீண்டும் ஓகஸ்ட் இறுதியிலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரையிலும் சூரியன் நம் நாட்டுக்கு நேர் மேலே வரும். உங்கள் ஊருக்குரிய நாளில் நண்பகலில் ஒரு தடியை நேராக நட்டால் நிழல் காணாமல் போகும். அன்று அஸர் தொடங்கும்போது நிழல் கிட்டத்தட்ட தடியின் உயரத்துக்கே சமமாக இருக்கும். பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும்.

மே 27, 28 திகதிகளில் நம் நேரப்படி பிற்பகல் 2.48 அளவிலும், ஜூலை 15, 16 திகதிகளில் 2.57 அளவிலும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிடத்தில் சூரியனை நோக்கி நின்றால் நீங்கள் கிப்லாவை நோக்கி நிற்கிறீர்கள். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், தடியின் நிழலைப் பாருங்கள். நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசை கிப்லா. கொழும்பிலிருந்து பார்த்தால் அது மேற்கிலிருந்து சுமார் 25 பாகை வடக்கே சாய்ந்திருக்கும்.

லுஹர் நேரத்தையும் வருடம் முழுவதும் குறித்து வரச் சொல்லுங்கள். கொழும்பில் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 11.54 அளவில் உச்சியைக் கடக்கிறது, பெப்ரவரி நடுப்பகுதியில் 12.25 அளவில். ஏன் இந்த அரை மணித்தியால வித்தியாசம் என்று பிள்ளை கேட்டால், தெரியாவிட்டாலும் "சும்மா இரு" என்று சொல்லிவிடாதீர்கள். விஞ்ஞான ஆசிரியரிடம் அனுப்புங்கள். பூமியின் சாய்வையும் அதன் நீள்வட்டப் பாதையையும் அங்கே கற்றுக்கொள்ளும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். முற்றத்தின் ஒரு மூலையில் ஒரு தடி நடவும், சுற்றிலும் கோடு கீறவும் மாணவர்களுக்கு இடம் கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை. மத்ரஸாவுக்கு வரும் பிள்ளையும் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் பிள்ளையும் அந்த நிழலைச் சுற்றி ஒன்றாக நிற்கட்டும். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் பயனுள்ள அறிவையும், அந்த அறிவால் பணிவு கூடும் உள்ளத்தையும் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.